மறுபடியும் கர்ப்பம்: மடியில் இருக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. மகளுக்குப் பத்து மாதம். சுகப்பிரசவம், 39 வாரம் முடிந்து பிறந்தாள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் கொடுத்தேன். இப்போது மூன்று வேளை சாப்பிடுகிறாள், பகலில் நான்கைந்து முறையும் இரவில் இரண்டு மூன்று முறையும் பால் குடிக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு தடவைகூட மாதவிடாய் வரவில்லை, அதனால் கர்ப்பம் ஆக வாய்ப்பில்லை என்று நினைத்திருந்தோம். இரண்டு வாரமாகக் குமட்டல், காம்பில் தாங்க முடியாத வலி. சோதித்துப் பார்த்தால் இரண்டு கோடு. மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஹீமோகுளோபின் 9.8. "இன்றைக்கே பாலை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கரு கலைந்துவிடும்" என்றார். மாமியாரோ கர்ப்பிணியின் பால் கெட்டுப்போய்விடும், குழந்தைக்கு ஆகாது என்கிறார். அன்று ராத்திரியே நிறுத்திப் பார்த்தேன். அவளும் நானும் விடியும்வரை அழுதோம். மறுநாள் யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது அடிவயிறு லேசாக இழுக்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு நானே கெடுதல் செய்கிறேனா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இல்லை, நீங்கள் கெடுதல் எதுவும் செய்யவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், முதல் குழந்தை நிறைமாதத்தில் பிறந்திருக்கிறாள், ரத்தப்போக்கு என்று எதுவும் நீங்கள் சொல்லவில்லை, குழந்தை சாப்பாடும் சாப்பிடுகிறாள், இப்படிப்பட்ட நிலையில் பால் கொடுப்பதால் கரு கலையும் என்று பயப்படத் தேவையில்லை. யாருக்கும் தெரியாமல், அழுதுகொண்டே கொடுக்க வேண்டிய விஷயமும் இல்லை இது.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் உண்மையில் கவலைப்படும் இடங்கள் இரண்டு இருக்கின்றன, அவற்றைப் பற்றி உங்களைச் சுற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. ஒன்று அந்த 9.8. இன்னொன்று, அடுத்த சில மாதங்களில் உங்கள் மகளின் எடை. இரண்டுக்கும் வருகிறேன். முதலில் எல்லோரும் பயப்படுத்தும் விஷயத்தை முடித்துவிடலாம்.

குழந்தை காம்பைச் சப்பும்போது உங்கள் உடம்பில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பாலை வெளியே தள்ளுவது அதுதான். பிரசவ நேரத்தில் கருப்பையைச் சுருங்க வைப்பதும் அதே ஹார்மோன்தான், அதனால்தான் இந்தப் பயமே வந்தது, பயம் வந்ததில் தப்பில்லை. ஆனால் கருப்பை அந்த ஹார்மோனுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்றால் அதன் தசையில் ஆக்ஸிடோசினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய இருக்க வேண்டும். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் அவை மிகக் குறைவு, பிரசவம் நெருங்கும்போதுதான் வேகமாகப் பெருகுகின்றன. போதாததற்கு, கர்ப்பம் முழுவதும் புரோஜெஸ்ட்ரான் என்ற இன்னொரு ஹார்மோன் கருப்பையை அடங்கியிருக்க வைக்கிறது. கருப்பை தயாராகாத நேரத்தில் ஆக்ஸிடோசினை மருந்தாக டிரிப்பில் ஏற்றினால்கூட அது சரியாக வேலை செய்யாது என்பது பிரசவ வார்டில் இருக்கும் எவருக்கும் தெரியும், அப்படியிருக்க ஒரு குழந்தை பால் குடிப்பதில் சுரக்கும் கொஞ்ச நேர ஆக்ஸிடோசின் எம்மாத்திரம். கணவன் மனைவி உறவின்போதும் இதே ஹார்மோன் சுரக்கிறது, சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் அதற்கு மருத்துவர்கள் தடை சொல்வதில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்பீர்கள். சிக்கல் இல்லாத, ஒற்றைக் கரு உள்ள கர்ப்பத்தில் பால் கொடுப்பதால் கருச்சிதைவோ குறைப்பிரசவமோ கூடுவதாக பெரும்பாலான ஆய்வுகளில் தெரியவில்லை. அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வு மட்டும், கர்ப்பத்தின்போது முழுக்க முழுக்கத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்தவர்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. அதே ஆய்வில், இணை உணவோடு சேர்த்துப் பால் கொடுத்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. உங்கள் மகள் மூன்று வேளை சாப்பிடுகிறவள், நீங்கள் இந்த இரண்டாவது வகை. (இதைப் படிக்கும் யாருக்காவது ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையோடு மறுபடி கர்ப்பம் என்றால், உங்கள் கணக்கு வேறு, இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.)

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை எப்படியும் கலைகின்றன, ஆரம்பத்தில் கலைபவற்றில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. பால் கொடுத்த பெண்ணுக்குக் கலைந்தால் பாலைக் காரணம் சொல்கிறார்கள், கொடுக்காதவளுக்குக் கலைந்தால் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டிலும் பழி அம்மாவின் மேல்தான். இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

சரி, அந்த அடிவயிற்று இழுப்பு. பால் குடிக்கும்போது லேசாக இழுத்து, குழந்தை விட்டதும் அடங்கிவிடுவது சாதாரணம்தான். இழுப்பு விட்டுவிட்டு ஒரு ஒழுங்கோடு வந்து, பால் கொடுத்து முடித்த பிறகும் நிற்காமல் தொடர்ந்தால், ரத்தம் பட்டால், அல்லது நீர் கசிவது போல இருந்தால், அப்போதைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். பால் கொடுக்காத கர்ப்பிணிக்கும் இதே விதிதான்.

நிறுத்தச் சொல்வதற்கு உண்மையான காரணங்களும் இருக்கின்றன. முன்பு குறைப்பிரசவம் ஆகியிருந்தால், இப்போது ரத்தப்போக்கு இருந்தால், வயிற்றில் இரட்டைக் குழந்தை என்றால், கருப்பைவாய் பலவீனமாக இருந்து தையல் போட்டிருந்தால், நஞ்சுக்கொடி கீழே இறங்கி வாயை மறைத்திருந்தால், தாம்பத்திய உறவே வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தால், கர்ப்பிணிக்கு எடை ஏறாமலே இருந்தால், மருத்துவர் நிறுத்தச் சொல்வார், கேட்க வேண்டும். அதனால் உங்கள் மருத்துவரிடம் திரும்பிப் போய் நேராகக் கேளுங்கள்: "என் கர்ப்பத்தில் நீங்கள் பார்த்த ஏதாவது காரணத்தால் நிறுத்தச் சொல்கிறீர்களா, அல்லது எல்லோருக்கும் சொல்வதா?" கோபமாகக் கேட்க வேண்டியதில்லை. காரணம் இருந்தால் சொல்வார், அது உங்களுக்குத் தெரிய வேண்டியதும்கூட. பொதுவாகச் சொல்வதுதான் என்றால், நீங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க இடம் இருக்கிறது. ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், அவரிடம் "நிறுத்திவிட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் கொடுப்பது. குமட்டலுக்கு எழுதும் சில மாத்திரைகளில் தூக்கத்தை வரவழைக்கும் மருந்து இருக்கும், அது பால் குடிக்கும் குழந்தையையும் மந்தமாக்கலாம், நீங்கள் பால் கொடுப்பது தெரிந்தால்தானே அவர் பார்த்து எழுத முடியும்.

மாமியார் சொன்னதில் ஒரு சிறு உண்மை இருக்கிறது. பால் மாறும். கெட்டுப்போகாது. கர்ப்பத்தின் நடுவில், ஏறத்தாழ 16 வாரத்தையொட்டி, மார்பு மெல்லச் சீம்பாலைத் தயாரிக்க ஆரம்பிக்கும். பாலில் இனிப்பு குறைந்து உப்புச் சுவை கூடும். சீம்பால் கொஞ்சம் மலத்தை இளக்கும், அதனால் பெரிய குழந்தைக்கு மலம் தளர்வாகப் போகலாம், அதைப் பார்த்துத்தான் கெட்ட பால் என்ற பேச்சு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். தளர்வாகப் போனாலும் குழந்தை சுறுசுறுப்பாக விளையாடினால், சிறுநீர் நன்றாகப் போனால், பயமில்லை. கர்ப்பகால ஹார்மோன்கள் பாலில் மிக மிகச் சிறிய அளவுதான் கலக்கும், அது மகளைப் பாதிப்பதில்லை. சீம்பாலை இவள் குடித்துத் தீர்த்துவிடுவாளோ, பிறக்கப்போகும் குழந்தைக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயமும் தேவையில்லை, அது குடிக்கக் குடிக்கச் சுரந்துகொண்டே இருப்பது.

இப்போது நான் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். பாலின் தன்மையைவிட அதன் அளவுதான் பிரச்சினை. நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்ட்ரான் பால் உற்பத்தியைக் குறைத்துவிடும். பெரும்பாலான பெண்களுக்கு நான்கு ஐந்து மாதக் கர்ப்பத்தில் இது நன்றாகத் தெரியும், சிலருக்கு அதற்கும் முன்பே. அடிக்கடி கொடுத்தால் கூடும், பம்ப் செய்தால் கூடும் என்பதெல்லாம் இங்கே பெரிதாகப் பலிக்காது, ஏனென்றால் குறைப்பது ஹார்மோன். பால் ஊற மாத்திரை, பொடி, மூலிகை என்று யார் கொண்டுவந்து கொடுத்தாலும் கர்ப்பத்தின்போது வாயில் போடாதீர்கள்.

ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஒரு குழந்தைக்கு வேண்டிய சக்தியில் பாதி, சில சமயம் அதற்கும் மேல், தாய்ப்பாலிலிருந்துதான் கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டாம் வயதில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அதாவது பதினைந்து மாதக் குழந்தைக்குப் பால் வற்றுவது வேறு, உங்கள் மகளைப் போன்ற பத்து மாதக் குழந்தைக்கு வற்றுவது வேறு. குழந்தை மார்பில் இருக்கிறாள், சப்புகிறாள், அழவில்லை, ஆகவே குடிக்கிறாள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே பால் பாதியாகியிருக்கும். சத்தம் இல்லாமல் நடக்கிற விஷயம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதனால் இனிமேல் மாதம் ஒரு முறையாவது, முடிந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே எடை மெஷினில் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறித்துவையுங்கள். கோடு மேலே போய்க்கொண்டே இருந்தால் சரி, படுத்துக்கொண்டால் உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். சிறுநீர் குறைகிறதா, இரவில் முன்பைவிட அதிகம் விழித்துப் பசியில் தேடுகிறாளா, பாருங்கள். சாப்பாட்டை மூன்று வேளையிலிருந்து நான்காக்குங்கள், நடுவில் ஒரு சிறு தீனியும் கொடுங்கள். நீர்த்த கஞ்சியாக வயிற்றை நிரப்பாமல், கெட்டியாக, கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ சேர்த்து, பருப்பு, முட்டை போன்ற புரதத்தோடு கொடுங்கள். ஒரு வயதுக்குள் பால் கணிசமாகக் குறைந்துவிட்டால் அந்த இடத்தை எந்தப் பாலால் நிரப்புவது என்பதைக் குழந்தை மருத்துவர் சொல்லட்டும், பெரும்பாலும் ஃபார்முலா பால்தான் சொல்வார். அதைக் கொடுப்பதால் நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை, அவளுக்குப் பசிக்கிறது, நாம் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இதோடு சேர்ந்ததுதான் ஸ்கேன் விஷயமும். மாதவிடாய் வரவில்லை, அதனால் கர்ப்பம் ஆகாது என்று நினைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே முதல் கருமுட்டை வெளிவந்துவிடலாம், அப்போதே கரு தரித்தால் மாதவிடாயையே பார்க்காமல் கர்ப்பம் ஆகிவிடலாம். பால் கொடுப்பது கருத்தடையாக வேலை செய்ய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் இருந்தால் 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு. ஆறு மாதம் முடிந்து இணை உணவு ஆரம்பித்ததும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது, இதை உங்களுக்கு யாராவது அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது கடைசி மாதவிடாய்த் தேதி இல்லாததால் எத்தனை வாரம் என்று கணக்குப் போட வழியில்லை. சீக்கிரம் ஒரு ஸ்கேன் எடுங்கள், 13 வாரத்துக்குள் கருவின் நீளத்தை அளந்து சொல்லும் கணக்குதான் மிகத் துல்லியமானது. ஏழெட்டு வாரம் என்று வந்தால், பால் நன்றாகக் குறையும் நேரத்தில் உங்கள் மகளுக்கு ஒரு வயது ஆகியிருக்கும், கொஞ்சம் நிம்மதி. நினைத்ததைவிட அதிக வாரம் என்று வந்தால், குறைவது இப்போதே ஆரம்பித்திருக்கலாம், அப்படியானால் எடையை இந்த வாரமே பாருங்கள்.

அடுத்தது நீங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 10க்குக் கீழே என்பது லேசான ரத்தசோகை என்று விடக்கூடியது இல்லை. ஒரு பிரசவம் முடிந்து அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாதமாவது இடைவெளி விடச் சொல்வதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இதுதான், உடம்பு செலவழித்ததைத் திரும்பச் சேர்க்க நேரம் வேண்டும். உங்களுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை, போகட்டும், இனி சேர்ப்போம். மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் சாப்பிடுங்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும், டீ, காபியோடும் வேண்டாம். குமட்டலால் உள்ளே நிற்கவில்லை என்றால் மாத்திரையை மாற்றித் தரச் சொல்லுங்கள், வேறு வழிகள் இருக்கின்றன, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஃபோலிக் அமிலம் இப்போதே ஆரம்பித்திருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் ஏறாமல், உங்கள் எடையும் ஏறாமல் இருந்தால், அப்போது நானே பாலைக் குறைக்கச் சொல்வேன்.

பசித்தபோதெல்லாம் சாப்பிடுங்கள். இதைச் சொல்வது எளிது, கைக்குழந்தையோடு செய்வது கஷ்டம் என்று தெரியும், ஆகவே இது உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும் சேர்த்துத்தான்: பாலை நிறுத்து என்று சொல்லும் நேரத்தில் ஒரு தட்டில் சாப்பாட்டைப் போட்டு அவர் கையில் கொடுங்கள், குழந்தையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

காம்பு வலி. இது குழந்தை தவறாகப் பிடிப்பதால் வருவது இல்லை, ஹார்மோனால் வருவது, அதனால் களிம்பு தடவினாலும் பெரிதாகக் கேட்காது. வாயை நன்றாகத் திறந்து பிடிக்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலருக்கு முதல் மூன்று மாதத்தோடு குறையும், சிலருக்குப் பிரசவம் வரை இருக்கும். வலியோடு இன்னொன்றும் வரலாம், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: குழந்தை வாய் வைத்ததும் காரணமே இல்லாமல் ஓர் எரிச்சல், தள்ளிவிட வேண்டும் போல ஓர் ஆத்திரம். நிறைய அம்மாக்கள் இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுவார்கள், நான் கேட்டால்தான் அழுதுகொண்டே சொல்வார்கள். இது பாசக் குறைவு கிடையாது, உடம்பு செய்வது. அப்படி வந்தால் நேரத்தைச் சுருக்குங்கள், மனதுக்குள் பத்து எண்ணி முடித்ததும் மெதுவாக எடுத்துவிட்டு வேறு ஏதாவது காட்டுங்கள்.

இதெல்லாம் படித்துவிட்டு, "இல்லை, எனக்கு முடியவில்லை, நிறுத்திவிடலாம்" என்று உங்களுக்குத் தோன்றினால், நிறுத்தலாம். கொடுக்கலாம் என்று நான் சொன்னதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வயதுக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பது பொதுவான பரிந்துரை, உங்களுக்கான தண்டனை இல்லை. ஆனால் அன்று செய்தது போல ஒரே ராத்திரியில் பால் மறக்கடிக்க வேண்டாம். அவளுக்கும் அதிர்ச்சி, உங்களுக்கும் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரலாம். பகலில் அவள் அதிகம் தேடாத ஒரு வேளையை முதலில் எடுத்துவிடுங்கள், அந்த நேரத்துக்குச் சாப்பாடோ வேறு பாலோ கொடுங்கள். நான்கைந்து நாள் கழித்து அடுத்த வேளை. தூங்கும் முன் கொடுப்பதைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். இரவில் விழிக்கும்போது அப்பா எடுத்துத் தட்டிக்கொடுக்கட்டும், முதல் சில நாள் அழுவாள், யாராவது தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது அழுவதும் தனியாக அழுவதும் ஒன்றில்லை. காம்பில் கசப்பைத் தடவிப் பயமுறுத்துவது மட்டும் வேண்டாம்.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது, அவளே விட்டுவிடலாம். பால் குறைந்து சுவை மாறியதும் சில குழந்தைகள் தாங்களாகவே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிரசவத்துக்குப் பிறகு பால் பெருகியதும் திரும்பி வந்து கேட்கிறவர்களும் உண்டு.

கடைசிவரை தொடர்ந்தால், வயிறு பெரிதானதும் பக்கவாட்டில் படுத்துக் கொடுப்பது சுலபம். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு பேருக்கும் கொடுக்க முடியும், முதல் சில நாள் சீம்பால் நேரத்தில் மட்டும் எப்போதும் சின்னவருக்கு முதலில், பிறகு பெரியவளுக்கு. இரண்டாம் பிரசவத்துக்குப் பிறகு பால் கொடுக்கும்போது வயிற்று வலி முதல் தடவையைவிடக் கூடுதலாக இருக்கும், அது கருப்பை சுருங்குவது. பிறந்த குழந்தையையும் இவளையும் ஒரே படுக்கையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள், தூக்கத்தில் இவள் கை கால் மேலே விழுந்தால் ஆபத்து.

இன்று ராத்திரி அவள் கேட்டால், வயிறு இழுப்பு நான் சொன்ன அளவுக்குள் இருக்கும்வரை, ஒளியாமல் கொடுங்கள். இந்த வாரம் ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்யுங்கள், மகளின் எடையைப் பாருங்கள், மருத்துவரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அவர் ஏதாவது குறிப்பிட்ட காரணம் சொன்னால் எனக்கு எழுதுங்கள், அதற்கேற்ப எப்படிக் குறைப்பது என்று பார்ப்போம்.